முழங்கால் மடக்காம மாவு வித்தது

சித்தெ தள்ளி உக்காருங்க தம்பி, காலை நீட்டிக்கறேன். முழங்காலை மடக்கி வெச்சுட்டு நமக்கு ரொம்ப நேரம் உக்கார முடியாதுங்க. வலியெல்லாம் இல்ல. பழக்கமில்ல, அவ்வளவுதான்.

கோயமுத்தூருங்களா? நான் பொள்ளாச்சியில எறங்கிருவேன். நீங்க போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. ஒட்டுக் கேக்கலீங்க, பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தவன் காதைக் கழட்டியா வெக்க முடியும்? வேலைய விட்டுப்போட்டு எண்ணெய்ச் செக்கு போடப் போறேன், எண்ணெய் ஆட்டிருவேன், ஆனா விக்கறது எப்படின்னுதான் பயமா இருக்குதுன்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு மனசு கேக்கல. கோமங்கலம் தாண்டறதுக்குள்ள சொல்லிர்றேன். தொழிலுக்கு வேணுங்கறது படிப்பு இல்லீங்க. விளையாட்டு வீரனோட மனசு. அது இருந்தா எண்ணெய் என்ன, எதை வேணாலும் விக்கலாம்.

என்ற பேரு நாச்சிமுத்து. ஊரு உடுமலை. நடைப்போட்டி வீரன். ஓட்டம் இல்லீங்க, நடை. எல்லாரும் இந்த எடத்துலதான் சிரிப்பாங்க, நீங்க சிரிக்கல, நல்ல வளர்ப்பு. நடைப்போட்டிக்கு ரெண்டே சட்டம். எந்நேரமும் ஒரு காலாவது தரையில இருக்கோணும். முன்னாடி வெக்கற காலு முழங்கால் மடங்காம வெறைப்பா இருக்கோணும். இதை ரெண்டையும் காப்பாத்திக்கிட்டு வேகமாவும் போகோணும்னா இடுப்பு தன்னால இந்தப் பக்கம் போகும், அப்பறம் அந்தப் பக்கம் வரும். அது அறிவியல். காலேஜுல படிக்கறப்ப மாநிலப் போட்டியில நாலாவதா வந்தவன் நான். மொத்தம் எத்தன பேரு நடந்தாங்கன்னு சில பேரு கேப்பாங்க. அதுக்கு நான் பதில் சொல்றதில்ல. வீரன் திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்திருந்தாலும் அன்னிக்கு எனக்குப் பின்னாடி யாரும் இருந்திருக்க மாட்டாங்க, அது வேற விசயம்.

ஒரே ஒரு வருத்தம் உண்டுங்க. எங்க போட்டியப் பாக்கறதுக்கு யாரும் வரமாட்டாங்க. ஓட்டப் பந்தயம்னா மைதானம் நெறஞ்சிரும். எங்களைய விடியக்காலம் ஊருக்கு வெளிய ஒரு ரோட்டுல விட்டுருவாங்க. நடுவருங்க இருப்பாங்க, பால்காரரு போவாரு. அந்தப் பால்காரரும் திரும்பிப் பாத்து வண்டிய எதுலயாச்சும் மோதிக்குவாரு. ஜெயிச்சாலும் தோத்தாலும் ஒரு கைதட்டல் இருக்காது. பேசாம ஊட்டுக்கு வந்து சோறு தின்னுட்டுப் படுத்துக்குவோம்.

அப்பறம் நூல் மில்லுல சூப்பர்வைசர் வேலை, கல்யாணம், எல்லாம் ஆச்சு. என்ற சம்சாரம் வசந்தாமணி. நல்லவ, கெட்டிக்காரி, ஆனா லேசுல சிரிக்க மாட்டா. மில்லை மூடினதுக்கு அப்பறம் சுத்தம். கண்ணாடியில தலை சீவறப்பக்கூட கண்ணாடிய மொறைச்சுப் பாப்பா. அவங்கப்பா குடுத்த பெரிய கிரைண்டர் ஒண்ணு ஊட்டுல இருந்துச்சு. ஒரு நாள் சொன்னா, "நான் இட்லி மாவு ஆட்டித் தாரேன். நீங்க கொண்டு போய் வித்துட்டு வாங்க. இனி இந்த விட்டத்தைப் பாத்துட்டு உக்காந்திருக்கற வேலை ஆகாது."

அப்படித்தானுங்க நான் தொழில் ஆரம்பிச்சேன். மாவுங்கற ரோசனை அவளுது, கிரைண்டர் அவளுது, ஊற வெக்கறதும் ஆட்டறதும் அவ. மத்தபடி திட்டம் பூரா என்னுது.

வண்டி ரிப்பேராக் கெடந்துச்சு. நல்லா இருந்திருந்தாலும் நான் எடுத்திருக்க மாட்டேன். டவுசரு, கையில்லாத பனியன், காலுக்கு ஷூ, முதுகுல பை நெறைய மாவுப் பாக்கெட்டு. போட்டியில நெஞ்சுல நம்பர் துணி குத்துவாங்க பாத்திருக்கீங்களா? அதே மாதிரி ஒரு துணியில எங்க போன் நம்பரைப் பெருசா எழுதிக் குத்திக்கிட்டேன். பையில 'வசந்தாமணி மாவு'. வசந்தாமணி வாசல்ல நின்னு மேலயும் கீழயும் பாத்தா.

"இப்படியேவா போறீங்க?"

"ஆமா."

"ஒரு வேட்டி கட்டிட்டுப் போனா என்னங்க?"

"வேட்டியில தப்படி விழாது வசந்தா. நடுவரு பாத்தா என்ன நெனைப்பாரு?"

"எந்த நடுவருங்க?"ன்னு கேட்டா. நான் அதுக்குள்ள கெளம்பிட்டேன்.

எங்க ஊருல ஒரு காலனி இருக்குது. டீச்சருங்க, பேங்குல இருந்தவங்கன்னு வசதியான சனம். அங்க முதல் நாலு நாள் ஒரு பாக்கெட்டுகூட போகல. ஏன்னு ரோசிச்சுப் பாத்தேன். ஒண்ணு, நான் சத்தம் போட்டு விக்கறதில்ல. மூச்சை வீணாக்கக் கூடாது, அது அடிப்படைப் பாடம். ரெண்டாவது, நான் நிக்கறதில்ல. நடைய ஆரம்பிச்ச வீரன் எல்லைக்கோட்டுலதான் நிக்கோணும். அப்ப வாங்கறவங்கதான் கூடவே நடந்து வந்து வாங்கிக்கோணும். பாத்திரத்தைத் தூக்கிட்டு ஒரு அம்மா என்ற பின்னாலயே மூணாவது வீதி வரைக்கும் ஓடி வந்தாங்க. "ஏனுங்க, நில்லுங்க! மாவுதான? இல்ல வேற ஏதாச்சும் வேண்டுதலா?"ன்னு கேட்டாங்க.

வீரன்னா தப்பைத் திருத்திக்கோணும். மறு நாள்ல இருந்து கேட்டுக்கு முன்னாடி நின்ன எடத்துலயே நடந்துக்கிட்டு வியாபாரம் பண்ணினேன். எடம் நகராது, ஆனா நடை நிக்காது. கை பாக்கெட்டைக் குடுக்கும், இடுப்பு அது பாட்டுக்கு வேலை செய்யும். சில்லறை வாங்கறதுதான் கொஞ்சம் செரமம். அவங்க நீட்டறப்ப என்ற கை பின்னால போயிருக்கும்.

பிச்சுக்கிச்சுங்க வியாபாரம்! காலனி பூரா காலையில கேட்டுல வந்து நிக்கும். நேரம் தவறாமைக்கு சனம் குடுக்கற மரியாதைய அன்னிக்குத்தான் பாத்தேன். நான் முனையில திரும்பறப்பவே "வராரு, வராரு"ன்னு உள்ள குரல் குடுப்பாங்க. பல்லு வெளக்கிட்டிருந்தவங்க பிரஷ்ஷோட வருவாங்க. எல்லாரும் சந்தோசமாச் சிரிப்பாங்க. சில பேருக்குச் சந்தோசம் தாங்காது, காம்பவுண்டு சொவத்தைப் புடிச்சுக்குவாங்க. ராஜேஸ்வரி டீச்சர்னு ஒருத்தங்க, காலனி சங்கத் தலைவி, ரொம்பக் கண்டிப்பானவங்க. அவங்க ஊட்டுக்கு ஒரம்பரை, சொந்தக்காரங்க யாராச்சும் வந்தா, "நாச்சிமுத்து, அந்த மூலை வரைக்கும் ஒருக்கா போயிட்டு வாங்க"ம்பாங்க. மாவு குலுங்கறதை வெச்சுப் பதம் பாக்கறாங்கன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். போயிட்டு வருவேன். அந்த ஒரம்பரையும் ரெண்டு பாக்கெட்டு வாங்கிட்டுப் போவாங்க. போன்ல படம் புடிச்சுக்குவாங்க, ஊருல இருக்கற பசங்களுக்கு உடற்பயிற்சி சொல்லித் தர்றதுக்கு.

இதாங்க, இங்கதான் கவனிக்கோணும். தொழில் நல்லாப் போறப்ப வீரன் என்ன பண்ணுவான்? அடுத்த கட்டத்துக்குப் போவான். நான் ஒரு மொபெட்டு வாங்கினேன். பின்னால பெரிய பெட்டி. பேண்ட்டு, முழுக்கைச் சட்டை. ஒரே மூச்சுல காலனி பூரா குடுத்துப்போட்டு ஊட்டுக்கு வந்துரலாம். கணக்குக்கு எல்லாமே சரி.

வியாபாரம் படுத்துக்கிச்சுங்க.

ஹாரன் அடிச்சாலும் ஆளு வரல. வந்தவங்களும் வண்டியப் பாத்தாங்க, சட்டையப் பாத்தாங்க, "இன்னிக்கு வேண்டாமுங்க, நேத்து மாவே இருக்குது"ன்னு உள்ள போயிட்டாங்க. பிரஷ்ஷோட ஒருத்தரும் வரல. நான் மழைக் காலம்னு நெனச்சேன். சனம் சப்பாத்திக்கு மாறிருச்சுன்னு நெனச்சேன். உளுந்துல ஏதாச்சும் கோளாறான்னு வசந்தாமணியக் கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

"மாவு அதே மாவுதானுங்க. மாறுனது நீங்க. பழையபடி நடந்து போங்க"ன்னா.

"தொழில்ல பின்னால போகக் கூடாது வசந்தா"ன்னேன்.

அப்பத்தான் காரணம் கெடச்சுது. சந்தைப்பக்கம் கனகராஜுன்னு ஒருத்தன் மாவுக் கடை வெச்சிருக்கறான். அவன் நம்ம பாணியத் திருடிட்டான்! அவனோட மச்சான் லோகு, பேக்கரியில பன்னு போடற ஆளு, பன்னு மாதிரியே இருப்பான். அவனுக்கு ஒரு டவுசரை மாட்டி, நெஞ்சுல நம்பரைக் குத்தி, காலனிக்குள்ள நடக்க வுட்டுட்டான். நான் மொபெட்டுல இருந்து பாக்கறேன், லோகு இடுப்பை ஆட்டிக்கிட்டு வாரான். கேட்டுல சனம் நிக்குது.

எனக்கு வந்த கோவம் வியாபாரம் போனதுக்கு இல்லீங்க. அவன் முழங்கால் மடங்குது! ஒவ்வொரு தப்படிக்கும் மடங்குது! இடுப்பு ஆடுது, ஆனா அது காலுல இருந்து வர்ற ஆட்டமில்ல, வெறும் ஆட்டம். ஒரு கலையே நாசமாப் போகுதேன்னு எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

மறு நாள் நான் மாவு விக்கப் போகல. எங்க ஊட்டு மஞ்ச வாளி மூடியை எடுத்துக்கிட்டேன். போட்டியில நடுவருங்க மஞ்ச அட்டை காட்டித்தான் எச்சரிக்கை குடுப்பாங்க. லோகு பின்னாலயே போய் மூடியத் தூக்கிக் காட்டினேன். "எச்சரிக்கை! முழங்கால் மடங்குது!"

அவன் திரும்பிப் பாத்தான். "யோவ், நான் மாவு விக்கறேன்யா."

"அதை மடக்காம வில்லு."

"மடக்காம எப்பிடிய்யா நடக்கறது?"

"இப்பிடி"ன்னு பேண்ட்டோடயே நடந்து காட்டினேன். காலனி பூரா மறுபடி கேட்டுக்கு வந்துருச்சு. டீச்சரம்மா மாடியில இருந்து எறங்கி வந்தாங்க. மூஞ்சி செவந்திருந்துச்சு, தொண்டைய ரெண்டு மூணு தடவை செருமிக்கிட்டாங்க. கண்டிப்பான மனுசின்னு சொன்னேனே.

"ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. பொங்கலுக்கு நம்ம காலனி விளையாட்டு விழாவுல நடைப்போட்டி வெச்சுருவோம். முதுகுல மாவைச் சொமந்துட்டுக் காலனிய மூணு சுத்து. யாரு நல்லா நடக்கறாங்களோ அவங்கதான் இனிமே நமக்கு மாவு."

ஊட்டுல வந்து சொன்னேன். வசந்தாமணி கிரைண்டரைத் தொடைச்சுட்டு இருந்தா. அப்பறம் சொன்னா, "கிரைண்டரைக் கனகராஜ் வெலைக்குக் கேட்டிருக்கறான். பொங்கல் கழிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கறேன். இது போச்சுன்னா நான் குடுத்துப்போட்டு பனியன் கம்பெனிக்குப் போயிருவேன். எங்கப்பா ஆசையா வாங்கிக் குடுத்ததுங்க அது." அவ அழுவல. அழுதிருந்தாக்கூட எனக்குத் தேவலாம்னு இருந்திருக்கும்.

பொங்கல் வந்துச்சு. காலனி என்ன, பக்கத்து வீதி, அதுக்கடுத்த வீதி, பஸ் ஸ்டேண்டுல இருந்து ஆட்டோக்காரங்க, எல்லாரும் வந்துட்டாங்க. மரத்து மேலகூட ஆளு. என்ற நடைய இத்தன பேரு பாக்கறது என்ற வாழ்க்கையிலயே அன்னிக்குத்தான். ஆனா நடுவர் இல்ல. சட்டம் தெரிஞ்ச ஆளே ஊருக்குள்ள இல்ல. அதனால போட்டியாளராவும் நானே, நடுவராவும் நானேன்னு ஒத்துக்கிட்டேன். மஞ்ச மூடிய இடுப்புல ஒரு பக்கம் சொருகிக்கிட்டேன். வெளியேத்தறதுக்குச் செவப்பு வேணும், அதுக்கு டிபன் சாப்பிடற செவப்பு பிளாஸ்டிக் தட்டு ஒண்ணை இன்னொரு பக்கம்.

விசில் அடிச்சாங்க. நான் சீரா ஆரம்பிச்சேன். லோகு முதல் சுத்துலயே மடக்கிட்டான், மூடியக் காட்டினேன். ரெண்டாவது சுத்துல மறுபடி மடக்கினான், மறுபடி காட்டினேன். மூணாவது சுத்துல அவனுக்கு வெறி வந்துருச்சு. கனகராஜ் ஓரத்துல நின்னுக்கிட்டு "ஓடுடா லோகு, ஓடிரு"ன்னு கத்தறான். அவனும் ஓடறான்! நடைப்போட்டியில ஓடறான்! செவப்புத் தட்டை மூஞ்சிக்கு நேராக் காட்டுனாத்தான் செல்லும், எனக்கு அவன் முதுகுதான் தெரியுது. சனம் என்னையப் பாத்து, "நாச்சிமுத்து, நீங்களும் ஓடுங்க"ன்னு கத்துது. வசந்தாமணி கூட்டத்துல முன்னாடி நிக்கறா. அவ மூஞ்சிய ஒருக்காப் பாத்தேன். ஓடியிருந்தா ஜெயிச்சிருப்பேன் தம்பி. லோகு ஓட்டம் ஒரு ஓட்டமே இல்ல. ஆனா நான் ஓடல. கிரைண்டர் போனாலும் சரி, முழங்கால் மடங்காது.

அப்ப பாத்து முதுகுல பாக்கெட்டு ஒடஞ்சுது. ஒண்ணு ஒடஞ்சா அடுத்ததும் ஒடையுங்க. மாவு முதுகுல எறங்கி, டவுசருக்குள்ள போயி, காலு வழியா ரோட்டுக்கு வந்துருச்சு. ஒரு நாயி பின்னாலயே நக்கிட்டு வருது. அப்பறம் ரெண்டு நாயி. நான் கவனத்தைச் சிதற வுடல. முனையில திரும்பறேன், என்ற மாவுலயே என்ற காலு வழுக்கிருச்சு. அப்படியே மேல போனேன். மேல இருக்கறப்ப கீழ பாத்தேன். ரெண்டு காலும் தரையில இல்ல.

விழுந்தேன். எந்திரிச்சேன். கூட்டம் ஓன்னு கத்துது. வேற யாருக்கும் சட்டம் தெரியாது, நானா எதுவும் சொல்லாம இருந்திருந்தா ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க. ஆனா நான் நடுவரு இல்லீங்களா? செவப்புத் தட்டை உருவினேன். கைய நல்லா நீட்டி, எனக்கு நானே காட்டிக்கிட்டேன். "ரெண்டு காலும் தரைய விட்டுருச்சு. நாச்சிமுத்து வெளிய"ன்னு சத்தமாச் சொன்னேன். சொல்லிப்போட்டு, தோத்தவன் போற மாதிரி ஓரமாப் போயி நின்னுக்கிட்டேன். நாயிங்களும் கூடவே வந்து நின்னுக்கிச்சு.

அந்த மாதிரி ஒரு மரியாதைய நான் பாத்ததில்லீங்க. பேங்கு மேனேஜரா இருந்தவரு ரோட்டுலயே உக்காந்துட்டாரு. கண்டிப்பான டீச்சரம்மா மைக்கைப் புடிச்சுக்கிட்டுப் பேச முடியாம நிக்கறாங்க, மைக்குல வெறும் மூச்சுதான் வருது. மரத்து மேல இருந்த ஆளு கீழ வந்துட்டான், எறங்கி இல்ல. வசந்தாமணி? கேட்டுக் கம்பியைப் புடிச்சுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுவறா. கண்ணுல தண்ணி கொட்டுது. அழுதுட்டே என்ற கிட்ட வந்து, முந்தானையில என்ற மூஞ்சியில இருந்த மாவைத் தொடைக்கறா. "ஏனுங்க... ஏனுங்க..."ங்கறா, அதுக்கு மேல பேச்சு வரல, மறுபடி குலுங்கறா. பெருமைதானுங்க. மில்லை மூடுனதுல இருந்து உள்ள அடைச்சு வெச்சிருந்தது எல்லாம் அன்னிக்கு வந்துருச்சு. அன்னிக்கு ராத்திரி சோறு போடறப்பகூட ஒரு தரம் தட்டைக் கையில எடுத்தா, என்னையப் பாத்தா, உள்ள ஓடிட்டா.

பரிசு லோகுவுக்குத்தான். எவர்சில்வர் கொடம். ஆனா டீச்சரம்மா ஒருவழியாக் குரல் வந்தப்ப மைக்குல என்ன சொன்னாங்க தெரியுமுங்களா? "போட்டியில ஜெயிச்சது லோகு. ஆனா யாரு நல்லா நடக்கறாங்கன்னு எல்லாரும் பாத்துட்டோம். காலையில எங்க கேட்டுக்கு நாச்சிமுத்துதான் வரோணும். நடந்துதான் வரோணும். வண்டியில வந்தா மாவு வேண்டாம்." பெட்ரோல் வாசம் மாவுல ஏறிரும்னு பயம். படிச்சவங்க, இதையெல்லாம் ரோசிப்பாங்க.

மொபெட்டைக் குடுத்துட்டேன். கிரைண்டர் ஊட்டுலயேதான் இருக்குது, இப்பப் பக்கத்துல இன்னொண்ணும் இருக்குது. லோகு ஒரு நாள் வந்து, "அண்ணா, எனக்கும் அதைச் சொல்லிக் குடுங்க"ன்னு நின்னான். வசந்தாமணிதான் "சேத்துக்கங்க, ரெண்டு பேரா நடந்தா இன்னும் நல்லாருக்கும்"ன்னா. இப்ப அவன் அந்த வீதி, நான் இந்த வீதி. முழங்கால் இன்னும் கொஞ்சம் மடங்குது, சரியாப் போயிரும். கனகராஜ் மாவை வுட்டுட்டு இட்லிப் பொடி போடறான். அதையும் நாங்கதான் நடந்து விக்கறோம். வசந்தாமணி தெனமும் காலையில வாசல் வரைக்கும் வந்து வழி அனுப்பறா. நான் முனை திரும்பற வரைக்கும் நின்னு பாக்கறா. கல்யாணமான புதுசுலகூட அப்படி நின்னதில்லீங்க.

அதனால செக்கு போடுங்க தம்பி, பயப்படாதீங்க. எண்ணெய் நல்லாருந்தாப் போதாது, ஒழுக்கம் வேணும். மடங்கக் கூடாது, ரெண்டு காலையும் ஒரே நேரத்துல தூக்கக் கூடாது, தப்பு பண்ணினா நாமளே தட்டைத் தூக்கிக்கோணும். சனம் தன்னால வரும்.

பொள்ளாச்சி வந்துருச்சு, பையை எடுத்துக்கறேன். இன்னிக்கு இங்க ஒரு மண்டபத்துல எனக்குப் பேச்சு. 'தொழிலில் விளையாட்டு வீரனின் மனநிலை'ங்கறது தலைப்பு. கூப்பிட்டவங்க யாருன்னு நெனைக்கறீங்க? நகைச்சுவை மன்றமுங்க. எனக்கும் புரியல. தினமும் வெட்டிச் சிரிப்பாவே போகுது, ஒரு நாளாச்சும் ஒரு கண்டிப்பான விசயம் கேப்போம்னு தோணியிருக்கும் போல. காலனியில இருந்து ஒரு வேனு புடிச்சு முன்னாடியே போயிட்டாங்க, முன்வரிசையில எடம் புடிக்கறதுக்கு. டீச்சரம்மா, பேங்குக்காரரு, லோகு, வசந்தாமணி எல்லாரும் அதுல. வேனுல எடம் பத்தல, அதான் நான் பஸ்ஸுல வந்தேன். வசந்தாமணி ஜன்னல்ல இருந்து எட்டிப் பாத்து, "பேசறதுக்கு முன்னாடி மேடையில ஒரு சுத்து நடந்து காட்டுங்க, மறந்துராதீங்க"ன்னு ரெண்டு தடவை சொல்லிட்டுப் போனா.

வரட்டுங்களா? எனக்கு ஒரே ஒரு கவலைதான் தம்பி. நான் பாட்டுக்கு இத்தன கறாரான விசயத்தைப் பேசப் போக, பாவம், சிரிக்கலாம்னு நம்பி வந்த சனம் ஏமாந்து போயிருமேன்னு இருக்குது.